கழிவுநீரைத் தெளிய வைக்கும் பாக்டீரியா: வாசகர் கேள்வி–பதில்

வீட்டுக் கழிவுநீரைப் பாக்டீரியாவைக் கொண்டு சுத்திகரிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: செப்டிக் டேங்கில் மாதம் ஒரு பொட்டலம் பாக்டீரியா பவுடர் போட்டால் கசடே சேராது, டேங்கைக் காலி செய்யவே தேவையில்லை என்கிறார்கள். வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் டேங்குக்கு வெளியிலிருந்து பாக்டீரியா தேவைப்படாது. மனித மலத்தில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பொட்டலத்தின் மேல் கிராமுக்கு நூறு கோடி என்று அச்சிட்டிருந்தால், 100 கிராம் பொட்டலத்தை முழுதாகக் கொட்டினாலும் ஒரு கிராம் மலத்தில் இருக்கும் அளவுதான் உள்ளே போகிறது. அவையும் பெரும்பாலும் பேசில்லஸ் வகையின் உறங்கும் வித்துகள். டேங்குக்குள் ஏற்கெனவே இருப்பவை அந்த இருட்டுக்கும் காற்றின்மைக்கும் உணவுக்கும் பழகியவை. புதிதாக வருபவை அவற்றோடு போட்டி போட்டுப் பெருகுவது அபூர்வம்.

'கசடே சேராது' என்பதும் சரியல்ல. கசடில் மணல், முடி, துணி நார், செரிக்காத தாவர நார், இறந்த பாக்டீரியாக்களின் ஓடு எல்லாம் உண்டு. இவற்றில் பெரும்பகுதியை எந்தப் பாக்டீரியாவும் கரைக்காது. கசடைக் 'கரைத்ததாக'க் காட்டும் சில கலவைகளில் சோப்புப் பொருள் இருக்கும். அது கசடைக் குலைத்து மேலே எழச் செய்யும். எழுந்த கசடு வெளியேறும் குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். டேங்கில் கசடு குறைந்தது போலத் தெரியும். செலவு உறிஞ்சுகுழியில் வந்து நிற்கும்.

பவுடருக்கு உண்மையாகவே வேலை இருக்கும் இடங்கள் மிகச் சில. எண்ணெய் படியும் சமையலறைக் குழாயில் கொழுப்பைச் சிதைக்கும் வகைகள் ஓரளவு உதவலாம். மற்றபடி பாக்டீரியா தங்க ஒரு பரப்பு, வேலை செய்யப் போதிய நேரம், காற்று கேட்கும் வகைக்குக் காற்று, இம்மூன்றையும் கொடுத்தால் அவை தாமாகவே வந்து குடியேறும். இனி வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த மூன்றைப் பற்றியவைதான்.

கேள்வி: எங்கள் செப்டிக் டேங்க் புதியது, அளவும் சரியானது. ஆனாலும் வெளியே வரும் தண்ணீர் சாம்பல் நிறமாக நாறுகிறது. பாக்டீரியா வேலை செய்யவில்லையா?

பதில்: வேலை செய்கிறது. செப்டிக் டேங்கால் செய்யக்கூடியதே பாதி வேலைதான். 1881-இல் பிரான்சின் மூராஸ் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. கனமானது கீழே படியும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் வெளியேறும். படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மெதுவாகச் செரிக்கின்றன. ஒரு கூட்டம் புரதத்தையும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடைக்கும், அடுத்தது அவற்றை அசிட்டிக் அமிலம் போன்றவையாக மாற்றும், கடைசிக் கூட்டமான மீத்தேன் நுண்ணுயிரிகள் அதை வாயுவாக்கும். கடைசிக் கூட்டம் மெதுவாக வளரும். கார அமிலத்தன்மை (pH) 6.8-க்கும் 7.4-க்கும் இடையில் இருந்தால்தான் அது நன்றாக இயங்கும்.

இந்த முறையில் மிதக்கும் திடப்பொருளில் 50 முதல் 70 சதவீதமும், பி.ஓ.டி. எனப்படும் கரிமச் சுமையில் 30 முதல் 40 சதவீதமும் குறையும். நீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் அப்படியே வெளியே போகும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா சற்றும் குறையாது. ஏனென்றால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இயங்காது. நீரிலுள்ள சல்பேட்டை வேறொரு கூட்டம் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதால்தான் அந்த அழுகிய முட்டை நாற்றம்.

மிச்சத்தைக் காற்றோட்டமுள்ள இரண்டாம் கட்டத்தில்தான் முடிக்க முடியும். முதலிலிருந்தே காற்று கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். காற்றில் வாழும் பாக்டீரியா தான் தின்பதில் ஏறக்குறைய பாதியைப் புதிய உடலாக மாற்றிக்கொள்ளும். அதாவது கசடு நிறைய வரும், மின்சாரமும் நிறையச் செலவாகும். காற்றில்லாதவை பத்தில் ஒரு பங்கைக்கூட உடலாக்குவதில்லை. ஆகவே கடினமான பகுதியைக் காற்றில்லாமல் குறைத்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் காற்று கொடுப்பதே சிக்கனம்.

கேள்வி: ஐந்து பேர் உள்ள வீடு. கழிப்பறை நீர் உட்பட எல்லாவற்றையும் சுத்திகரித்துச் செடிகளுக்கு விட விரும்புகிறோம். எந்தத் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: ஒருவருக்கு நாளைக்கு 120 லிட்டர் என்று வைத்தால் 600 லிட்டர். பி.ஓ.டி. ஒருவருக்கு 50 கிராம் வீதம் 250 கிராம். இந்த இரண்டு எண்களிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. உங்கள் தண்ணீர்ச் செலவு இதைவிட அதிகம் என்றால் முதலில் மீட்டர் வைத்து ஒரு வாரம் அளந்துவிட்டு, கீழே வரும் அளவுகளை அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் தொட்டி செப்டிக். இரண்டு நாள் நீருக்கு 1,200 லிட்டர். ஒருவருக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் கசடு என்று மூன்று ஆண்டுக்கு 600 லிட்டர். மொத்தம் 1,800 லிட்டர். நீரின் ஆழம் 1.2 மீட்டர், நீளம் 2 மீட்டர், அகலம் 75 சென்டிமீட்டர் என்று கட்டினால் கணக்கு சரியாக வரும். மேலே 30 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் தடுப்புச் சுவர் வைத்து, நீர் கடக்கும் துளைகளைப் பாதி ஆழத்தில் அமையுங்கள். அடியில் வைத்தால் கசடு கடக்கும், மேலே வைத்தால் மிதப்பு கடக்கும். உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் டீ இணைப்புப் போட்டு அதன் கீழ்க்கால் நீருக்குள் 30 சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். வெளியேறும் டீ இல்லாமல் போனதால் கெட்ட உறிஞ்சுகுழிகள் ஏராளம். காற்றுக்குழாய் கூரைக்கு மேல் போகட்டும்.

இரண்டாவது, காற்றூட்டும் தொட்டி. இங்கே பாக்டீரியாவை நீரில் மிதக்க விடுவதைவிட, மீடியா எனப்படும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளின் மேல் படலமாக ஒட்டி வளர விடுவதே வீட்டுக்கு ஏற்றது. மிதக்கும் கசடு திடீரென்று நிறைய தண்ணீர் வரும்போது அடித்துக்கொண்டு போய்விடும், படலம் போகாது. செப்டிக்கிலிருந்து ஏறக்குறைய 160 கிராம் பி.ஓ.டி.யும் 50 கிராம் அம்மோனியா நைட்ரஜனும் இங்கே வரும். இரண்டையும் முடிக்க 130 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். நல்ல மீடியாவில் ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், ஆகவே 260 லிட்டர் மீடியா. தொட்டியில் 40 சதவீதத்துக்கு மேல் மீடியா நிரப்பினால் அது சுழலாமல் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். எனவே தொட்டி 650 லிட்டர், ஆழம் 1.2 முதல் 1.5 மீட்டர். வெளியேறும் வாயில் மீடியாவைவிடச் சிறிய துளையுள்ள வலை கட்டாயம்.

காற்றின் கணக்கு பலருக்கும் தவறுகிறது. பி.ஓ.டி.க்கு 190 கிராம் ஆக்சிஜன், அம்மோனியாவுக்கு, ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் வீதம், 228 கிராம். மொத்தம் நாளைக்கு 420 கிராம் அளவு. ஒரு கன மீட்டர் காற்றில் 280 கிராம் ஆக்சிஜன் இருந்தாலும், ஒன்றரை மீட்டர் ஆழக் கழிவுநீரில் அதில் 4, 5 சதவீதம்தான் கரையும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 24 லிட்டர் காற்று வரும். மீடியா சுழலவும், காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசரின் சவ்வு நாளாக ஆக அடைபடும் என்பதாலும் நிமிடத்துக்கு 40 முதல் 60 லிட்டர் தரும் டயாஃப்ரம் ஏர் பம்ப் போடுங்கள். மீன்தொட்டிப் பம்ப் இங்கே போதாது. அதன் லிட்டர் அளவு போதுமானதாகத் தெரிந்தாலும் ஒன்றரை மீட்டர் நீரழுத்தத்தில் காற்று பாதியாகக் குறையும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பம்புக்குள் இறங்கும்.

மூன்றாவது, படிய வைக்கும் தொட்டி. 60 சென்டிமீட்டர் விட்டம், அடிப்பகுதி 60 டிகிரி சரிவுள்ள கூம்பு, கொள்ளளவு 200 லிட்டர். சரிவு குறைந்தால் கசடு சுவரில் ஒட்டி அழுகி, வாயுவோடு கட்டியாக மேலே வரும். அடியில் சேர்வதை, காற்றை ஊதி நீரை மேலே தூக்கும் ஏர்லிஃப்ட் குழாய் மூலம் நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் செப்டிக்கின் முதல் அறைக்கே திருப்பி அனுப்புங்கள். இதில் இரட்டை லாபம். கசடு அங்கே செரிக்கும். கூடவே போகும் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைக் காற்றில்லாத பாக்டீரியாக்கள் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். செப்டிக்கின் நாற்றமும் குறையும்.

நான்காவதாக ஒரு மணல் வடிகட்டி, அதன்பின் கிருமிநீக்கம். அதைத் தனியாகக் கீழே சொல்கிறோம்.

கேள்வி: தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது, அம்மோனியா மட்டும் குறையவே இல்லை. ஏன்?

பதில்: பொறுத்திருங்கள். கரிமத்தைத் தின்னும் பாக்டீரியா சில மணி நேரத்திலேயே இரட்டிக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸும் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைராவும் இரட்டிக்க நல்ல வெப்பத்தில்கூட ஒரு நாள் வரை ஆகும். குளிரில் பல நாள். பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். நன்றாக ஓடும் இன்னொரு நிலையத்திலிருந்து கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதம் கசடு கொண்டுவந்து விட்டால் அதில் பாதிக் காலத்தில் முடியும்.

எட்டு வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் கார அமிலத்தன்மையை அளந்து பாருங்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது 7 கிராமுக்கும் சற்று மேலான காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், தீர்ந்துபோகிறது. வீட்டில் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ போன்ற மென்னீர் புழங்கினால் அந்தக் காரத்தன்மை இருக்காது. கார அமிலத்தன்மை 6.5-க்குக் கீழே இறங்கியதும் இந்தப் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். காற்றூட்டும் தொட்டியில் ஒரு வலைப்பையில் 5 கிலோ சுண்ணாம்புக்கல் துண்டோ உடைத்த சிப்பி ஓடோ போட்டுத் தொங்கவிடுங்கள். தேவைக்கேற்ப அதுவே கரையும். மேலே வழுவழுப்பாகப் படலம் படிந்தால் கழுவிப் போடுங்கள். அவசரத்துக்குச் சமையல் சோடா கலக்கலாம், ஆனால் தொடர்ந்து போட்டால் சோடியம் கூடிச் செடிக்குக் கெடுதி.

கேள்வி: கழிப்பறை நீர் தனியாகப் போகிறது. குளியல், துணி துவைக்கும் நீர், சமையலறை நீர் மட்டும்தான் இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் எளிதாகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. செடி நட்ட ஜல்லிப் படுகை. செலவு ஒருமுறைதான், கெட்டுப்போக இயந்திரம் எதுவும் இல்லை. இடம் இருப்பவர்களுக்கு முதலில் இதையே சொல்வோம்.

ஐந்து பேருக்கு நாளைக்கு 400 லிட்டர் என்று கொண்டால் 6 சதுர மீட்டர் போதும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். நீளமாக ஒடுங்கலாக அமைக்க வேண்டாம். நீர் நுழையும் முகப்பு குறுகினால் எல்லா அழுக்கும் அந்தச் சிறு முகத்திலேயே படிந்து சீக்கிரம் அடைபடும். அடித்தளத்துக்கு ஒரு சதவீதம் சரிவு. கசியாமல் கான்கிரீட்டோ கனமான பிளாஸ்டிக் விரிப்போ. விரிப்பு என்றால் கீழேயும் மேலேயும் மணல் பரப்பாமல் ஜல்லி கொட்டாதீர்கள், கிழியும்.

நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு 40 முதல் 80 மில்லிமீட்டர் கற்கள். நடுவில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, தூசி போக நன்றாகக் கழுவியது. கழுவாத ஜல்லிதான் முதல் ஆண்டிலேயே படுகை அடைபடுவதற்குக் காரணம். வெளியேறும் பக்கத்தின் அடியில் துளையிட்ட குழாயை அகலம் முழுக்கப் படுக்க வைத்து, வெளியே ஒரு சிறு தொட்டியில் திருப்பக்கூடிய முழங்கை இணைப்பு மாட்டுங்கள். அந்த முழங்கையைச் சாய்த்து நீர்மட்டத்தை ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். நீர் வெளியே தெரியாத வரை கொசு முட்டையிடாது.

சதுர மீட்டருக்கு மூன்று நான்கு வீதம் கல்வாழை, நாணல், சம்பு, வெட்டிவேர் எதையும் நடலாம். செடி அழுக்கைக் குடித்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சத்தில் சிறு பங்கைத்தான் அது எடுக்கிறது. ஜல்லியின் மேலும் வேரின் மேலும் படர்ந்திருக்கும் பாக்டீரியாப் படலமே உழைக்கிறது. வேர் அதற்குப் பரப்பும் சிறிது ஆக்சிஜனும் கொடுக்கிறது, ஜல்லியை இளக்கி வைக்கிறது. இந்த அளவுப் படுகையில் நீர் இரண்டரை நாளுக்கு மேல் தங்கும். அதுவே போதுமான நேரம்.

படுகைக்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் வையுங்கள். சமையலறைக் குழாய்க்கு 60 முதல் 100 லிட்டர் எண்ணெய்ப் பொறி. நீர் அதில் ஆறி நிற்கும் 20 நிமிடத்தில் எண்ணெய் மேலே கட்டிவிடும், வாரத்துக்கு ஒருமுறை அள்ளிக் குப்பையில் போடுங்கள். அடுத்து எல்லா நீரும் சேரும் 400 லிட்டர் படிவுத் தொட்டி. துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து வரும் நாரையும் குளியலறை முடியையும் இங்கே வலையில் பிடியுங்கள். இவை மூன்றும், எண்ணெய், நார், முடி, படுகையின் முதல் அரை மீட்டரில் சேர்ந்து கெட்டியாகிவிட்டால் நீர் மேலே வழிந்து ஓடும். அப்படி ஆனால் படுகை முழுவதையும் தோண்ட வேண்டாம். அந்த முதல் அரை மீட்டர் கற்களை மட்டும் எடுத்துக் கழுவிப் போட்டால் சரியாகும்.

கேள்வி: குளியல் நீரை ஒரு டிரம்மில் பிடித்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தோட்டத்துக்கு விடலாமா?

பதில்: 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் பாக்டீரியா வேகமாகப் பெருகி இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதன்பின் சல்பைடு நாற்றம். குடல் கிருமிகளும் இந்த நேரத்தில் கூடும். அன்றைய நீரை அன்றே மண்ணுக்குள் விடுங்கள்.

கேள்வி: ஃபினைல், பிளீச்சிங் பவுடர், ஆசிட் ஊற்றிக் கழிப்பறை கழுவினால் பாக்டீரியா செத்துவிடுமா?

பதில்: வாரம் ஒருமுறை சிறிதளவு ஊற்றித் தேய்த்து, நீர் விட்டு அலசினால் 1,800 லிட்டர் தொட்டியில் பெரிய பாதிப்பு வராது. குளோரின் அங்கே போவதற்குள் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். ஒரே நேரத்தில் பாட்டில் பாட்டிலாகக் கொட்டுவதுதான் ஆபத்து. அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா இவற்றிலெல்லாம் மோசம், குறைந்த அளவே கார அமிலத்தன்மையைத் தூக்கிவிடும். கிருமிநாசினிகளில் பென்சால்கோனியம் குளோரைடு என்று அச்சிட்டிருப்பவை எளிதில் சிதையாமல் காற்றூட்டும் தொட்டி வரை வந்து, முதலில் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களைப் பாதிக்கும். மீந்துபோன ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கழிப்பறையில் போடவே கூடாது. பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து ஆகியவையும் அப்படித்தான்.

இன்னொன்று, பிளீச்சையும் ஆசிடையும் அடுத்தடுத்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அது பாக்டீரியாவைவிட உங்கள் நுரையீரலுக்கு ஆபத்து.

கேள்வி: காற்றூட்டும் தொட்டியில் நுரை பொங்குகிறது, தண்ணீரும் கலங்கலாகவே போகிறது. எதைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது?

பதில்: நுரையின் நிறத்திலிருந்து தொடங்குங்கள். வெள்ளையாக, சோப்பு நுரை போல லேசாக இருந்தால் கசடு இன்னும் இளசு அல்லது ஒரே நாளில் நிறையத் துணி துவைத்திருக்கிறீர்கள். தானாகவே அடங்கும். பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப்பசையோடு கனமாக நின்றால் இழை வடிவப் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன, எண்ணெய்ப் பொறி சரியாக வேலை செய்யவில்லை. நுரையை அள்ளி வெளியேற்றுங்கள். உள்ளே அமுக்கிவிட்டால் அதே கூட்டம் மறுபடி வளரும்.

அடுத்து, நிறமும் வாசனையும். நல்ல கசடு சாக்லேட் பழுப்பில், மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். கறுத்து முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். முதலில் பம்பின் வடிகட்டியைத் துடைத்துவிட்டு டிஃப்யூசரைப் பாருங்கள். ஓர் இடத்தில் பெரிய குமிழி கொப்பளித்து மற்ற இடம் அமைதியாக இருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. எங்குமே குமிழி குறைந்து பம்ப் சூடாகிறது என்றால் சவ்வு அடைபட்டிருக்கிறது.

மீடியா இல்லாமல் கசடு மிதக்கும் வகைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடி அளவுகுவளையில் தொட்டி நீரை நிரப்பி 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். கசடு 200 முதல் 300 மில்லிலிட்டரில் படிந்து மேலே தெளிந்திருந்தால் நன்று. 100-க்கும் கீழே என்றால் பாக்டீரியா போதவில்லை, கசடைத் திருப்பி அனுப்புவதைக் கூட்டுங்கள். 600, 700-இல் பஞ்சு போல நின்றால் கசடு மிகுந்துவிட்டது அல்லது இழைப் பாக்டீரியா. அதே நீரில் பாதி அளவு சுத்த நீர் கலந்து மறுபடி பாருங்கள். நன்றாகப் படிந்தால் மிகுதிதான், கொஞ்சம் வெளியேற்றினால் போதும். அப்போதும் படியவில்லை என்றால் இழைகள். காற்றைக் கூட்டி எண்ணெயைத் தடுக்க வேண்டும். படிந்த கசடு ஓரிரு மணியில் கட்டியாக மேலே எழுந்தால் பயப்பட வேண்டாம், நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறி அதைத் தூக்குகிறது. படிவுத் தொட்டியில் கசடு அதிக நேரம் தங்குகிறது என்று அர்த்தம்.

கலங்கலுக்குக் கசடை முற்றிலும் இறைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது பலர் செய்யும் தவறு. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் கழிவுநீரில் காற்றை ஊதியபோது, முழுதாகச் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. தெளிந்த நீரை மட்டும் ஊற்றிவிட்டுக் கசடை அப்படியே வைத்து, புதிய கழிவுநீரை அதன் மேலேயே விட்டு மீண்டும் மீண்டும் ஊதினார்கள். அதே வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. அந்தக் கசடுதான் உங்கள் சொத்து. இருப்பதைக் காப்பாற்றி நிலைமையைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: மின்சாரம் அடிக்கடி நின்றுபோகிறது. சில சமயம் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறோம். பாக்டீரியா தாங்குமா?

பதில்: சில மணி நேரம் காற்று நின்றால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைத் தாண்டினால் நாற்றம் வரும், மீண்டும் காற்று வந்தபின் சரியாக இரண்டு மூன்று நாள் ஆகலாம். அந்த நாள்களின் நீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள்.

வெளியூர் போகும்போது பம்பை முழுதாக நிறுத்தக் கூடாது. டைமர் வைத்து மணிக்கு 15 நிமிடம் ஓடட்டும். உணவில்லாதபோது பாக்டீரியா தன் உடலையே செலவழித்து மெதுவாகக் குறையும், ஆனால் படலத்தில் மிச்சம் இருக்கும். திரும்பி வந்த முதல் வாரம் துணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துவையுங்கள். செப்டிக் டேங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம், காற்றில்லா நுண்ணுயிரிகள் மாதக்கணக்கில் உணவின்றி இருக்கும்.

கேள்வி: சுத்திகரித்த நீர் கண்ணாடி போலத் தெளிவாக, வாசனையில்லாமல் இருக்கிறது. காய்கறிச் செடிக்கு விடலாமா, வாசல் கழுவலாமா?

பதில்: தெளிவை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாக்டீரியாச் சுத்திகரிப்பு கரிமத்தையும் அம்மோனியாவையும் நீக்குகிறது. நோய்க்கிருமிகளையும் குடற்புழு முட்டைகளையும் ஓரளவுதான் குறைக்கிறது. தொடங்கும்போது 100 மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் இருந்த குடல் பாக்டீரியா நூறில் ஒன்றாகக் குறைந்தாலும் லட்சக்கணக்கில் மிஞ்சும்.

மணல் வடிகட்டிக்குப் பிறகு குளோரின் போடுங்கள். 600 லிட்டருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் 3 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 கிராம். வாளி நீரில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி 30 நிமிடம் வைத்தபின், மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று சோதனைப் பட்டையால் பாருங்கள். சுத்தமாக மிச்சமே இல்லை என்றால் பவுடரைக் கூட்டும் முன் அம்மோனியாவை அளங்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் 8 முதல் 10 மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும், எவ்வளவு கொட்டினாலும் பற்றாது. கோளாறு காற்றூட்டும் தொட்டியில் இருக்கிறது, அங்கே சரிசெய்யுங்கள்.

மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் மண்ணுக்கடியில் சொட்டுக் குழாயில் விடுவது பாதுகாப்பானது. பச்சையாக உண்ணும் கீரைக்கும் தரையோடு வளரும் காய்க்கும் வேண்டாம். நீரைத் தெளிப்பானில் தூவவும் வேண்டாம், திவலை மூச்சில் போகும். கழிப்பறைத் தொட்டிக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அந்தக் குழாய்க்கு வேறு நிறம் அடித்து, குடிநீர்க் குழாயோடு எந்த இடத்திலும் இணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டாகச் செப்டிக் டேங்கைத் திறக்கவே இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறது. திறந்து பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டும். கசடு நிறைந்த டேங்கும் நன்றாக ஓடுவது போலவேதான் தெரியும், ஏனென்றால் உள்ளே வருவது அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும். நீளமான கம்பின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடி வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் கழித்து எடுங்கள். கறுத்திருக்கும் உயரம்தான் கசடு. கசடும் மேலுள்ள மிதப்பும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரியை அழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தபின் உள்ளே கழுவ வேண்டாம், சுவரில் ஒட்டியிருப்பதே அடுத்த கூட்டத்துக்கு விதை. நிலத்தடி நீர் உயரமாக உள்ள இடத்தில் பிளாஸ்டிக் டேங்க் என்றால் காலியானவுடன் தண்ணீர் நிரப்புங்கள், இல்லாவிட்டால் டேங்கே மேலே எழும்பும்.

யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஆளை இறக்கவும் கூடாது. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டாலும், தீக்குச்சி கொளுத்திப் பார்த்தாலும், கயிறு கட்டினாலும் அது பாதுகாப்பாகாது. கசடைக் கலக்கிய கணத்தில் ஹைட்ரஜன் சல்பைடு மொத்தமாக வெளியேறும். பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், அதற்குமேல் கூடினால் சில மூச்சில் மயக்கம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறியில் வெடிக்கும், அதனால் தீக்குச்சியே ஆபத்து. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் சாவது மீண்டும் மீண்டும் நடக்கிறது. செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் மேலே நின்றபடி குழாயாலும் கம்பாலும் செய்ய முடியும். அப்படிச் செய்ய முடியாதபடி டேங்க் கட்டியிருந்தால் மூடியைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: விலைக்கு வாங்கும் மீடியாவுக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளைப் போடலாமா?

பதில்: போடலாம். மூடிகள் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். நீரைவிடச் சற்று லேசானவை, அதனால் சுழலும். ஆனால் வழுவழுப்பான வெளிப்பக்கத்தில் படலம் உரசி உதிர்ந்துவிடும், உட்குழியில் மட்டும்தான் நிற்கும். எனவே ஒரே கொள்ளளவுக்குக் கிடைக்கும் பரப்பு வாங்கும் மீடியாவைவிடக் குறைவு. மேலே சொன்ன வீட்டுக்கு 260 லிட்டரில் வேலை முடியாது, தொட்டியைப் பெரிதாக்க வேண்டும். மூடியில் இரண்டு மூன்று துளை போடுங்கள், இல்லையேல் காற்று சிக்கிக் கவிழ்ந்து மிதக்கும் அல்லது உள்ளே கசடு இறுகும். மணல் தாளால் உரசிச் சொரசொரப்பாக்கினால் படலம் சீக்கிரம் பிடிக்கும். உள்ளே உள்ள மெல்லிய அட்டை அல்லது நுரை வட்டத்தைப் பிய்த்துவிடுங்கள், அது ஊறிப் பிரிந்து வலையை அடைக்கும்.